இணையதளம் இருக்கிறது, அழைப்பு வரவில்லை: தொடர்பு விவரங்களில் எங்கே பிழை?

ஒரு நள்ளிரவில் என் வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்தது. ஒரு கையால் துணியைக் குழாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் பிளம்பரைத் தேடினேன். முதலில் வந்த தளத்தில் தொலைபேசி எண் ஒரு படத்துக்குள் இருந்தது. ஈர விரலால் தொட்டால் படம்தான் பெரிதானது. இரண்டாவது தளத்தில் ‘24 மணி நேரச் சேவை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், எண்ணைத்தான் காணவில்லை. எட்டுக் கேள்விகளோடு ஒரு படிவம் மட்டும் இருந்தது. மூன்றாவது தளத்தில் திரையின் உச்சியிலேயே எண் இருந்தது. தொட்டேன், மணி அடித்தது, ஒருவர் எடுத்து, “முதலில் மெயின் வால்வை மூடுங்கள்” என்றார். முதல் இரண்டு நிறுவனங்களிலும் இவரைவிடத் திறமையானவர்கள் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை.

அன்று முதல், சேவைத் தொழில் நடத்தும் நண்பர்கள் யாராவது ‘தளம் போட்டும் யாரும் கூப்பிடவில்லை’ என்று வருத்தப்பட்டால், விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுடைய தொடர்பு விவரங்களைத்தான் பார்க்கிறேன். அழைக்க முயன்று முடியாமல் போனவர் உங்களிடம் வந்து புகார் சொல்லப்போவதில்லை. அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். அதனால் இந்தப் பிழையை நீங்களாகத் தேடிப் போனால்தான் உண்டு.

## எதையும் திருத்தும் முன்

உங்கள் அலுவலகக் கணினியில் சோதிக்காதீர்கள். அதன் பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கலாம். நிர்வாகியாக உள்நுழைந்திருந்தால் உங்களுக்குத் தெரியும் பக்கமும் வெளியாருக்குத் தெரியும் பக்கமும் வேறாக இருக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள்.

அதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து, “இவர்களைக் கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவருடைய விரல் எந்த இடத்தில் தயங்குகிறதோ, அதைக் குறித்துக்கொண்டு கீழே பொருந்தும் அறிகுறிக்குப் போகலாம்.

## அறிகுறி: பார்வையாளர்கள் வருகிறார்கள், அழைப்பு வருவதில்லை

‘எண்தான் போட்டிருக்கிறோமே’ என்பார்கள். எங்கே போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். கணினித் திரையில் மேல் வலது மூலையில் தெளிவாக இருக்கும் எண், போனில் மூன்று கோடு மெனுவுக்குள் போய் மறைந்துவிடுவது மிகச் சாதாரணம். வடிவமைத்தவர் கணினியில் காட்டியிருப்பார், நீங்களும் கணினியில் பார்த்துச் சரி சொல்லியிருப்பீர்கள். வாடிக்கையாளரோ போனில் பார்க்கிறார். பக்கம் திறந்தவுடன், விரலால் தள்ளாமலேயே எண்ணோ ‘அழைக்க’ என்ற பட்டனோ கண்ணில் பட வேண்டும். தலைப்புப் பட்டையில் இடமில்லையென்றால் திரையின் அடியில் நிலையாக நிற்கும் பட்டை ஒன்று போதும்.

அடுத்து, எண் எழுத்தாக இருக்கிறதா, படமாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இலக்கங்கள் தனியே தேர்வாக வேண்டும். முழுப் படமும் தேர்வானால் அதுதான் பிழை. லிங்க் தரப்படாத படத்திலுள்ள எண்ணைத் தொட்டவுடன் அழைப்பு போகாது. மாற்று உரை தரப்படாத படத்திலிருந்து பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு எண் கிடைக்காது. ‘ரோபோக்கள் எண்ணை எடுத்துக்கொண்டு தொல்லை கொடுக்கும், அதனால் படமாகப் போட்டோம்’ என்று காரணம் சொல்வார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் தொல்லை அழைப்பை ஒரு நொடியில் துண்டித்துவிடலாம். குழாய் உடைந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வரமாட்டார்.

எழுத்தாக இருந்தும் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லையென்றால், லிங்க் கொடுக்கப்படவில்லை. ஐபோனின் சஃபாரி, எண் போலத் தெரிவதைத் தானாகவே லிங்க்காக மாற்றிக்கொள்ளும். எல்லா பிரவுசரும் அப்படிச் செய்யாது. உங்கள் போனில் வேலை செய்வது இன்னொருவர் போனில் செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். தொலைபேசி லிங்க்கின் தொடக்கத்தில் ‘டெல்’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் வர வேண்டும். அதன்பின் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண். இதற்கான இலக்கணம் 2004இல் வெளியான ஆர்எஃப்சி 3966 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. இலக்கங்களுக்கு நடுவே சிறுகோடு, புள்ளி, அடைப்புக்குறி வரலாம், இடைவெளி வரக்கூடாது. பல போன்கள் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், லிங்க்குக்குள் இலக்கங்களை ஒட்டியே எழுதிவிடுங்கள். திரையில் காட்டும் எண்ணுக்கு மட்டும் கண்ணுக்கு இதமாக இடைவெளி விடுங்கள்.

லிங்க்கும் சரியென்றால், அதன்மேல் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குக்கீ அனுமதி கேட்கும் பட்டை, மூலையில் மிதக்கும் அரட்டைக் குமிழ் இரண்டும் போன் திரையின் அடிப்பகுதியைத்தான் பிடித்துக்கொள்ளும். அழைப்புப் பட்டனும் அங்கேயே இருந்தால் விரல் குமிழில்தான் படும். பட்டனின் அளவும் முக்கியம். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் வழிகாட்டி, தொடும் இலக்கு குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்சம்தான். நடுங்கும் விரலுக்கும் ஈர விரலுக்கும் அதைப்போல இருமடங்கு கொடுங்கள். வெளிர் சாம்பல் எழுத்தில் எண்ணைப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடு வேண்டும் என்பது அதே வழிகாட்டியின் விதி.

## அறிகுறி: தொட்டால் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்கிறது

திரையில் தெரியும் எண் வேறு, லிங்க்குக்குள் இருக்கும் எண் வேறு என்ற நிலைதான் இது. எண்ணை மாற்றியபோது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் மாற்றியிருப்பார்கள், உள்ளே பழையதோ டெம்ப்ளேட்டோடு வந்த மாதிரி எண்ணோ அப்படியே இருக்கும். கணினியில் லிங்க்கின்மேல் சுட்டியை வைத்தால் பிரவுசரின் அடியோரத்தில் உண்மையான எண் தெரியும். இரண்டையும் இலக்கம் இலக்கமாக, வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள்.

இலக்கங்கள் ஒத்துப்போகின்றன, உள்ளூரிலிருந்து அழைத்தால் கிடைக்கிறது, வெளிநாட்டிலிருந்து அழைத்தால் மட்டும் கிடைக்கவில்லையென்றால், முன்னால் இருக்கும் பூஜ்யத்தைப் பாருங்கள். பெரும்பாலான நாடுகளில் உள்நாட்டு அழைப்புக்கு மட்டும் போடும் அந்தப் பூஜ்யத்தை, நாட்டுக் குறியீடு சேர்க்கும்போது நீக்கிவிட வேண்டும். இத்தாலியின் தரைவழி எண்கள் போன்ற விதிவிலக்குகளில் மட்டும் அது நிற்கும். நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எண் 15 இலக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. தாண்டினால் குறியீடு இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வாட்ஸ்ஆப் லிங்க்குக்கு விதி சற்று வேறு. நாட்டுக் குறியீடு வேண்டும், ஆனால் கூட்டல் குறி, முன்னொட்டுப் பூஜ்யம், சிறுகோடு எதுவும் கூடாது, வெறும் இலக்கங்கள்தான். அழைப்பு லிங்க்கிலிருந்து எண்ணை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் இங்கே தடுக்கிவிடும்.

## அறிகுறி: படிவம் ‘நன்றி’ என்கிறது, மின்னஞ்சல் வருவதில்லை

எல்லாப் பிழைகளிலும் இதுதான் எனக்கு அதிக வேதனை தருவது. எழுதியவர் எழுதிவிட்டோம் என்று நம்பிக் காத்திருக்கிறார். நீங்கள் யாரும் எழுதவில்லை என்று நம்பிக் காத்திருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் இயந்திரம் இருவருக்கும் ஒன்றும் சொல்வதில்லை.

முதலில் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். பிறகு, படிவம் வந்த தகவல்களைத் தளத்திலேயே சேமிக்கிறதா என்று பாருங்கள். படிவத்தை இயக்கும் பிளக்இன்கள், அதாவது தளத்தில் சேர்க்கும் துணை நிரல்கள், எல்லாமே சேமிப்பதில்லை. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் மிகப் பரவலான கான்டாக்ட் ஃபார்ம் 7 தானாகச் சேமிக்காது, ஃபிளமிங்கோ என்ற துணைப் பிளக்இன் போட்டால்தான் சேமிக்கும். எந்தப் படிவமாக இருந்தாலும் சேமிப்பை இன்றே இயக்கிவிடுங்கள். மின்னஞ்சல் தொலைந்தாலும் தகவல் தொலையாது.

அடுத்தது, பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் சோதனை. படிவம் போய்ச் சேரும் முகவரியைத் தற்காலிகமாக ஒரு ஜிமெயில் முகவரிக்கு மாற்றி, ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்.

ஜிமெயிலுக்கு வருகிறது, உங்கள் சொந்த டொமைன் (தளத்தின் பெயர்) கொண்ட முகவரிக்கு மட்டும் வரவில்லையா? அப்படியானால் தளம் இருக்கும் சர்வர், உங்கள் டொமைனின் அஞ்சல் நிலையமும் தானே என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அஞ்சலை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியிருப்பீர்கள், சர்வரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது வெளியே அனுப்பாமல் தன் உள்ளேயே விநியோகம் செய்துவிடுகிறது. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் ‘ஈமெயில் ரூட்டிங்’ என்ற பகுதிக்குப் போய், ‘லோக்கல்’ என்று இருப்பதை ‘ரிமோட்’ என்று மாற்றினால் தீரும்.

வீட்டு உபயோகச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவருக்கு இதேதான் நடந்தது. அமைப்பை மாற்றிவிட்டு, சர்வரின் உள்ளே இருந்த பழைய அஞ்சல்பெட்டியைத் திறந்தோம். மாதக்கணக்கான விசாரணைகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. ஒரு பெண்மணி சலவை இயந்திரத்துக்காக மூன்று முறை எழுதியிருந்தார். மூன்றாவது கடிதத்தில் ஒரே வரி: “நீங்கள் தொழிலை நிறுத்திவிட்டீர்களா?” நண்பர் வெகுநேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்மணிக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார். உங்கள் பெட்டியிலும் அப்படி ஏதாவது கிடந்தால், காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் ஒவ்வொருவருக்கும் எழுதுங்கள்.

ஜிமெயிலுக்கும் வரவில்லையென்றால், அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். பல படிவங்கள் வாடிக்கையாளர் தட்டிய முகவரியையே அனுப்புநராகப் போட்டு அனுப்புகின்றன. பதில் எழுத வசதி என்று செய்தது அது. ஆனால் பெறும் சர்வரின் பார்வையில், வேறொருவர் டொமைனின் பெயரில் உங்கள் சர்வர் கடிதம் அனுப்புகிறது, அதாவது போலிக் கடிதம். அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைனின் முகவரியையும், ‘ரிப்ளை டு’ என்ற இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையும் போடுங்கள். பதில் எழுதும் வசதி அப்படியே இருக்கும், போலி என்ற சந்தேகம் போய்விடும்.

அதன்பின், தளத்தின் கடிதங்களை உங்கள் அஞ்சல் கணக்கின் எஸ்எம்டிபி (கடிதம் அனுப்பும் சர்வர்) வழியாக அனுப்பும்படி அமைத்து, டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் இரண்டு பதிவுகள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்: உங்கள் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், கடிதத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகேஐஎம். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். புதிய அஞ்சல் நிறுவனத்தின் வழிகாட்டலைப் பார்த்து இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் சோதனையே பிழையில் முடியும். இரண்டையும் ஒரே பதிவாக இணைத்து எழுதுங்கள்.

எல்லாம் சரி, சிலருடைய செய்திகள் மட்டும் காணாமல் போகின்றன என்றால், ஸ்பேம் தடுக்கப் படிவத்தில் வைத்திருக்கும் மறைவான பொறிக்கட்டத்தைப் பாருங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டத்தை யார் நிரப்பினாலும் ரோபோ என்று ஒதுக்கிவிடும். பிரவுசரின் தானியங்கி நிரப்பி அதையும் சேர்த்து நிரப்பிவிட்டால், நல்ல வாடிக்கையாளரும் சத்தமில்லாமல் குப்பைக்குப் போவார். கட்டத்தின் பெயர் ‘ஃபோன்’, ‘கம்பெனி’ என்று நிரப்பிக்குப் பழக்கமான சொல்லாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

## அறிகுறி: படிவத்தைத் தொடங்குகிறார்கள், முடிப்பதில்லை

கட்டங்களை எண்ணிப் பாருங்கள். திரும்ப அழைக்கப் பெயர், எண், என்ன பிரச்சினை ஆகிய மூன்றும் போதும். முகவரியையும் வசதியான நேரத்தையும் போனில் கேட்டுக்கொள்ளலாம். ‘எங்களை எப்படி அறிந்தீர்கள்?’ என்ற கேள்வியைக் கட்டாயமாக்கியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் ஆர்வத்துக்காக அவசரத்தில் இருப்பவரை நிறுத்தி வைக்கக்கூடாது.

தொலைபேசிக் கட்டத்தில் உங்கள் எண்ணையே மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்: கூட்டல் குறியோடு, இடைவெளியோடு, முன்னால் பூஜ்யத்தோடு. எதையாவது ‘தவறான எண்’ என்று மறுத்தால் சோதனை விதியைத் தளர்த்துங்கள். இடைவெளியை நீக்கிக்கொள்வது இயந்திரத்தின் வேலை. ஐபோனில் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் திடீரென்று பெரிதாகி ஓரம் வெட்டுப்பட்டால், கட்டத்தின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருக்கிறது. 16 ஆக்கினால் நின்றுவிடும்.

டொமைன் மாறியபின், எழுதுபவர் ரோபோவா என்று சோதிக்கும் கேப்சா பிழை காட்டுகிறதா? அதன் சாவி பழைய டொமைனுக்குப் பதிவானது. புதியதைச் சேர்க்க வேண்டும்.

## அறிகுறி: மின்னஞ்சல் முகவரி இருக்கும் இடத்தில் வேறு ஏதோ தெரிகிறது

முகவரிக்குப் பதில் ‘மின்னஞ்சல் பாதுகாக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்கள் தெரிந்தால், தளப் பாதுகாப்புச் சேவையான கிளவுட்ஃபிளேரின் முகவரி மறைப்பு வசதி இயங்குகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் முகவரி திறக்காது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள். முகவரியைத் தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை என்று கணினிக்காரர்கள் சொன்னால், அவர்களிடம் அஞ்சல் செயலி அமைக்கப்படவில்லை. ‘இங்கே எழுதுங்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் முகவரியை மறைக்காமல், முழு முகவரியையும் எழுத்தில் காட்டினால் நகலெடுத்துக்கொள்வார்கள்.

## அறிகுறி: பழைய எண்ணுக்கே அழைக்கிறார்கள்

தளத்தில் மாற்றிவிட்டோமே என்று நினைப்பீர்கள். பழைய எண்ணை அப்படியே தேடுபொறியில் மேற்கோள் குறிக்குள் தட்டித் தேடுங்கள். ஃபூட்டரில், பிடிஎஃப் விலைப்பட்டியலில், பழைய கட்டுரையின் கடைசி வரியில், தொழில் அடைவுகளில், மின்னஞ்சலின் அடிக்கையொப்பத்தில் என்று அது எங்கெங்கோ உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றும் உண்டு. தேடுபொறிகள் படிப்பதற்காகப் பக்கத்துக்குள் வைக்கும் ஸ்கீமா தகவலில் தொலைபேசிக்கென்று தனி வரி இருக்கிறது, பெரும்பாலோர் மறப்பது அதைத்தான். பக்கங்களின் பழைய நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்இன் தளத்தில் இருந்தால் அந்தச் சேமிப்பையும் துடைத்துவிடுங்கள்.

கூகுள் தொழில் விவரப் பக்கத்தைத் தனியாகப் பாருங்கள். பொதுமக்கள் அங்கே திருத்தம் பரிந்துரைக்க முடியும் என்பதால், நீங்கள் தொடாமலேயே விவரம் மாறியிருக்கலாம்.

மீண்டும் இது நடக்காமலிருக்க, எண்ணைத் தளத்தின் ஒரே இடத்தில் வைத்து, மற்றப் பக்கங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யச் சொல்லுங்கள். பழைய எண்ணை உடனே ரத்து செய்யாமல் சில மாதங்களுக்குப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். வாடிக்கையாளர் தன் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்த உங்கள் அட்டையை யாராலும் திருத்த முடியாது.

## அறிகுறி: பூட்டிய கதவின் முன் வந்து நிற்கிறார்கள்

கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் ஊசிக்குறி சரியான வாசலில் நிற்கிறதா என்று நடந்துபோய்ப் பாருங்கள். முகவரியை மட்டும் தட்டினால் அது தெருவின் நடுவிலோ கட்டடத்தின் பின்புறத்திலோ விழுந்திருக்கலாம். கையால் இழுத்து வாசலில் வையுங்கள். தளத்தில் மேப்பை மட்டும் பதிக்காமல், மாடி, நுழைவாயில், பக்கத்து அடையாளம் எல்லாவற்றையும் எழுத்திலும் கொடுங்கள்.

வீடு தேடிச் சென்று வேலை செய்பவர், கடை கிடையாது என்றால், வீட்டு முகவரியைக் காட்டவே வேண்டாம். எந்தெந்தப் பகுதிகளுக்கு வருவீர்கள் என்பதை எழுதுங்கள். கூகுள் தொழில் விவரத்திலும் முகவரியை மறைத்துவிட்டுச் சேவைப் பகுதியை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது.

வேலை நேரத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். இரவு 9 மணிக்குமேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் 9 மணி வரை என்றே எழுதுங்கள். அவசரத்துக்கு வேறு எண் இருந்தால் அதை எப்போது அழைக்கலாம் என்பதை அதன் பக்கத்திலேயே சொல்லுங்கள். விடுமுறை நாள்களைத் தளத்திலும் கூகுள் விவரத்திலும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

## அறிகுறி: தளத்தில் எல்லாம் சரி, இன்னும் அழைப்பு இல்லை

இப்போது தளத்தை விட்டுவிட்டு, உங்கள் கையிலுள்ள போனை எடுங்கள். ஐபோனில் 2019இல் ஐஓஎஸ் 13உடன், அறியாத எண்களை அமைதிப்படுத்தும் வசதி வந்தது. அதை இயக்கினால், தொடர்புப் பட்டியலில் இல்லாதவர் அழைக்கும்போது மணியே அடிக்காது. அழைப்பு நேராகக் குரலஞ்சலுக்குப் போய்விடும். தொல்லை அழைப்புகள் தாங்காமல் என்றோ ஒருநாள் இயக்கிவிட்டு மறந்திருப்பீர்கள். முதன்முறையாக அழைக்கும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் உங்கள் போனுக்கு அறியாத எண்தான்.

அமைப்புகளில் அதை அணையுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ அட்டவணையையும், அழைப்பைத் திருப்பிவிடும் அமைப்பையும் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் வேலையை விட்டுப்போன உதவியாளரின் எண்ணுக்கு அழைப்புகள் இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். குரலஞ்சல் பெட்டி நிறைந்திருந்தால் காலி செய்யுங்கள். பிறகு, உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவரின் போனை வாங்கி, தளத்தைத் திறந்து, பட்டனைத் தொட்டு, உங்கள் போன் ஒலிக்கிறதா என்று கேளுங்கள்.